பெரிய வியாழன் வெந்நீர்

சேசு மரி சூசை

திண்டிவனம்
10-9-1961

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை அமலோற்பவம் தோத்திரம் சொல்லி எழுதுவது.

சர்வேசுரன் கிருபையால் நான் இங்கே சுகமாயிருக்கிறேன். நீங்கள், அண்ணி, செல்வி மூவரும் சுகமா? உங்கள் ரொட்டி அடுப்பு சுகமா? அதைக் கேட்காவிட்டால் உங்களுக்குக் கோபம் வருமே.

பயிற்சி முடிந்து, பெருநோய்த் தடுப்பு நிலையத்தில் என்னை வேலையில் போட்டுவிட்டார்கள். வேலை என்னவென்று கேட்டீர்களே. ஊர் ஊராகப் போய், வீடு வீடாக ஏறி, எல்லோரையும் வெளிச்சத்தில் நிறுத்தி, தோலில் உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறதா, காது மடல் தடித்திருக்கிறதா, விரல் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. ஆண் ஊழியர்கள் போனால் பெண்கள் முழங்கை வரைக்கும் காட்டிவிட்டு உள்ளே ஓடிவிடுகிறார்களாம். அதனால்தான் என்னை எடுத்தார்கள். என்னைக் கண்டாலும் ஓடுகிறார்கள், ஆனால் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறார்கள்.

போன வாரம் மயிலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு ஊரில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாடி, பொண்ணு பாக்க வந்தவ மாதிரி மேலயும் கீழயும் பாக்கற?" என்றாள். ஆமாம் ஆயா, உன்னை எங்கள் வீட்டுக்குக் கேட்கத்தான் வந்தேன் என்றேன். சிரித்துக்கொண்டே முதுகைக் காட்டிவிட்டாள். ஒன்றுமில்லை, நல்ல தோல். நோய் கண்டவர்களுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் நிலையத்துப் புங்க மரத்தடியில் மாத்திரை கொடுக்கிறோம். ஆரம்பத்திலேயே வந்தால் விரல் தப்பும், அண்ணா. வருவதுதான் இல்லை. மரத்தடியில் நிற்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, விரல் போன பிறகு வருகிறார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அம்மா போன பிறகு உங்கள் ரொட்டியில் வளர்ந்து படித்தவள் நான். முதல் சம்பளத்தில் உங்களுக்கு ஒரு முழுக்கைச் சட்டை எடுத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குக் கொண்டு வருகிறேன்.

எல்லோருக்கும் என் அன்பு.
அமலோற்பவம்


விழுப்புரம்
2-10-1961

என் அன்புத் தங்கை அமலிக்கு, அண்ணன் இன்னாசிராஜ் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

நாங்கள் யாவரும் நலம். அடுப்பும் நலம். விசாரித்ததை அதனிடம் சொன்னேன், புகை விட்டது.

நீ ஊர் ஊராகப் போய்ச் சேவை செய்வது நமக்குப் பெருமைதான். ஆனால் இங்கே கடைக்கு வருகிறவர்களிடம் என் தங்கை நர்ஸ் வேலை பார்க்கிறாள் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். இன்ன நோய்க்கு என்று சொல்லவில்லை. நம்முடையது ரொட்டி வியாபாரம், அம்மா. பெயரைக் கேட்டாலே ஜனம் அடுத்த கடைக்குப் போய்விடும்.

போன வாரம் ஒரு கூத்து. ஸ்டேஷன் காண்டீனுக்குப் பன் போட்டுக்கொண்டிருந்தேன். தட்டை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டே பால்காரனிடம் அரசியல் பேசிக்கொண்டிருந்தேன். உன் அண்ணி உள்ளேயிருந்து ஓடி வந்து, "இன்னாங்க கருகுது, பன்னா?" என்கிறாள். பார்த்தால் பன் இல்லை, என் கை! உள்ளங்கை முழுதும் கொப்புளம். பேச்சு சுவாரசியத்தில் சுட்டது எனக்குத் தெரியவேயில்லை. புதுச்சேரியில் தொழில் கற்றபோது எங்கள் முதலாளி சொல்வார், ரொட்டிக்காரன் கை பத்து வருஷத்தில் மரக்கட்டையாகிவிடும் என்று. அவர் வாக்கு பலித்துவிட்டது. சுண்டுவிரல் வேறு சில நாளாக நிமிரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. வயசாகிறது, வேறென்ன.

நல்ல சேதி ஒன்று. உங்கள் திண்டிவனத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சூசைமுத்து, தம் மகனுக்கு நம் செல்வியைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். பையன் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல குடும்பம். நீ விசாரித்து எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் குடையில்லாமல் அலையாதே.
இன்னாசிராஜ்


சே. ம. சூ.

திண்டிவனம்
5-10-1961

அன்புள்ள அண்ணனுக்கு, அமலோற்பவத்தின் தோத்திரம்.

நான் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

உங்கள் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் படித்தேன். பிறகு சாப்பிட முடியவில்லை. கை கருகும் நாற்றம் அண்ணிக்கு வந்திருக்கிறது, உங்களுக்கு வலிக்கவில்லை. கேலியாக எழுதியிருக்கிறீர்கள். நான் சிரிக்கவில்லை. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் இரண்டுமே மடங்குகின்றனவா? உடம்பில் எங்காவது வெளுத்த தேமல் இருக்கிறதா? காலிலும் இப்படி மரத்துப்போகிறதா? புருவத்தில் முடி கொட்டுகிறதா? எத்தனை நாளாக?

சூசைமுத்து மாமா குடும்பம் நல்ல குடும்பம்தான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு முன் பெஞ்சுக்காரர்கள். பையன் சாது.

உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. நான் கேட்டவற்றுக்கு மட்டும் உடனே பதில் எழுதுங்கள். மறு தபாலில் எழுதுங்கள்.
அமலோற்பவம்


சே. ம. சூ.

விழுப்புரம்
11-12-1961

அன்புள்ள அத்தைக்கு, செல்வியின் தோத்திரம்.

அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் கேக் வேலை ஆரம்பித்துவிட்டதால் அப்பா கை எந்நேரமும் மாவில் இருக்கிறது. இனிமேல் கடிதம் எழுதுவது என் உத்தியோகமாம். வருகிற கடிதங்களைச் சாப்பாட்டு நேரத்தில் உரக்கப் படிப்பதும் நான்தான்.

இனி அப்பா சொல்வது: நாங்கள் யாவரும் நலம். நீ கேட்டிருந்த விஷயம் ஒன்றுமில்லை. கைக் கொப்புளம் ஆறிவிட்டது. உனக்கு வேலை புதிது, அதனால் காண்கிற இடமெல்லாம் அதுவாகவே தெரிகிறது. சூசைமுத்து வீட்டார் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். செல்வி கையால் காபி வாங்கிக் குடித்தார்கள். பிடித்துவிட்டது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். (இதை என் கையாலேயே எழுதச் சொல்கிறார், அத்தை!) தபசு காலமும் பாஸ்காப் பண்டிகையும் முடிந்ததும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

பண்டிகைக்கு வா. பழைய பேச்சு எதையும் எடுத்துக்கொண்டு வராதே. சட்டையை எடுத்துக்கொண்டு வா.

அம்மா உங்களை மிகவும் விசாரித்ததாகச் சொன்னார்கள்.
அப்பாவுக்காக,
இருதயசெல்வி


சே. ம. சூ.

திண்டிவனம்
9-1-1962

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் செல்விக்கும் அமலோற்பவம் எழுதுவது.

சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் கூட்டம். அண்ணி கட்டிக் கொடுத்த கேக்கை நிலையத்தில் எல்லோரும் ஒரே நாளில் காலி செய்துவிட்டார்கள்.

செல்வி, இதற்கு மேல் உரக்கப் படிக்காதே, கண்ணே. கடிதத்தை மடித்து அப்பாவிடம் கொடுத்துவிடு.

அண்ணா, பண்டிகைக்கு வந்து தங்கிய நாளெல்லாம் உங்கள் கை மாவிலிருந்து வெளியே வரவேயில்லை. நான் பக்கத்தில் வந்தால் இன்னொரு படி மாவைக் கொட்டினீர்கள். நான் வாங்கி வந்த முழுக்கைச் சட்டையைப் பூசைக்குப் போட்டுக்கொண்டு, கையை நற்கருணைக்குப் போகிறவர் போல் கூப்பியே வைத்திருந்தீர்கள். ஊரெல்லாம் ஓடுகிறவர்களைப் பிடித்து நிறுத்திப் பார்க்கிறேன், சொந்த அண்ணனைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்த்துவிட்டேன். தீபம் ஏற்றியபோது உங்கள் காது மடல் தெரிந்தது.

பெயரைச் சொல்லிவிடுகிறேன். பெருநோய். நான் நினைப்பது தப்பாக இருக்கலாம், காது மடலில் துளி கீறி எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தால்தான் நிச்சயம். பார்க்காமல் விட்டால் அடுத்து மற்ற விரல்கள். ரொட்டியால் யாருக்கும் ஒட்டாது, அந்தப் பயம் வேண்டாம். கூடவே இருந்து, ஒரே வீட்டில் படுத்து எழுந்திருப்பவர்களுக்குத்தான் வர வழியுண்டு. அந்த வீட்டில் செல்வி இருக்கிறாள்.

இன்னொன்று. சூசைமுத்து மாமா போன ஞாயிறு பூசை முடிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மாடி, நீ இந்த வியாதியெல்லாம் பாக்கறவ. உங்க வம்சத்துல ஒண்ணும் இல்லியே? நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், நான் வேற யாரையும் கேக்க மாட்டேன்" என்றார். எங்கள் அப்பா அம்மா இரண்டு பேருமே காய்ச்சலில் போனவர்கள் மாமா என்றேன். அது உண்மை. அவர் தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை வாருங்கள். மரத்தடியில் நிற்க வேண்டாம், பின்வாசல் வழியாக நானே கூட்டிப் போகிறேன்.
அமலோற்பவம்


விழுப்புரம்
20-2-1962

அமலிக்கு,

இது நானே எழுதுவது. எழுத்து கோணியிருக்கும், பொறுத்துக்கொள். எல்லோரும் சுகம்.

உன் கடிதத்தை ஒரு மாதமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அடுப்பில் போட்டுவிட்டேன். உன் அண்ணிக்குக்கூடத் தெரியாது.

இங்கே மார்க்கெட்டுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருந்த கண்ணையனை உனக்கு ஞாபகம் இருக்கும். அவன் கையில் ஏதோ தேமல் என்று யாரோ சொன்னார்கள். நோயா இல்லையா, ஒருவரும் பார்க்கவில்லை. மறுநாள் இட்லி அப்படியே மிஞ்சியது. அதற்கு மறுநாளும். அந்த வார முடிவில் பெண்டாட்டி பிள்ளையுடன் ஊரை விட்டே போய்விட்டான். எங்கே போனானோ. நானும்தான் அவன் கடைக்குப் போவதை நிறுத்தினேன்.

நீ பின்வாசல் என்கிறாய். திண்டிவனத்தில் பின்வாசலுக்கும் கண் உண்டு. அங்கே எனக்குச் சம்பந்தி வீடு இருக்கிறது.

பாஸ்கா வரைக்கும் வாயை மூடிக்கொண்டிரு. என் மகள் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்துவிடட்டும். அதற்கப்புறம் என்னை எந்த மரத்தடியில் வேண்டுமானாலும் நிறுத்து. உன்னை வளர்த்ததற்கு இது ஒன்றுதான் கேட்கிறேன்.
இன்னாசி


சே. ம. சூ.

திண்டிவனம்
10-3-1962

அன்புள்ள அண்ணனுக்கு, அமலோற்பவத்தின் தோத்திரம்.

நான் சுகம் என்றுதான் எழுத வேண்டும். எழுதுகிறேன்.

செல்வி பார்த்துவிடக் கூடாது என்று இதைத் தபாலில் போடாமல், விழுப்புரம் வருகிற ஒருவரிடம் உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லி அனுப்புகிறேன். வளர்த்ததைச் சொல்லிக் கேட்டுவிட்டீர்கள். அதற்குமேல் நான் என்ன பேச? அதைத் தவிர வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அடுத்த பஸ்ஸில் வந்து உங்களை இழுத்து வந்திருப்பேன். சரி. தபசு காலம் முடிகிற வரைக்கும் வாய் திறக்க மாட்டேன்.

இதற்குச் சம்மதித்துவிட்டு வேலைக்குப் போகவே கூச்சமாயிருக்கிறது. நேற்று ஒலக்கூர் பக்கம் ஒரு வீட்டில் மகனுக்கு நோய் கண்டிருந்தது. அவன் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணம் முடியட்டும்மா, அப்பால வர்றோம்" என்று கெஞ்சினாள். அதெல்லாம் முடியாது, இன்றைக்கே பெயர் கொடு என்று சத்தம் போட்டேன். அவள் கொடுத்துவிட்டாள். வரப்பில் வரும்போது எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

ஒன்று செய்யுங்கள். தினமும் கையையும் காலையும் கண்ணால் பாருங்கள். வலிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள், உங்களுக்கு வலிக்காது. அடுப்புத் தட்டைத் துணி சுற்றிப் பிடியுங்கள். வெறுங்காலில் நடக்காதீர்கள். செல்வியைத் தனி அறையில் படுக்கச் சொல்லுங்கள், ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளுங்கள்.

பாஸ்கா முடிந்த வாரமே நீங்கள் வர வேண்டும். அண்ணிக்கு என் அன்பு.
அமலோற்பவம்


சே. ம. சூ.

விழுப்புரம்
25-4-1962

அன்புள்ள அத்தைக்கு, செல்வி பாஸ்கா வாழ்த்துச் சொல்லி எழுதுவது.

அத்தை, இங்கே நடந்ததைக் கேட்டால் நீங்கள் நம்பவே மாட்டீர்கள். அப்பா சொல்லச் சொல்ல எழுதினால் அவர் தன் பெருமையைக் குறைத்துச் சொல்லுகிறார், ஆகையால் நானே எழுதிவிட்டுப் படித்துக் காட்டப் போகிறேன்.

பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவும் சடங்குக்கு இந்த வருஷம் பன்னிரண்டு அப்போஸ்தலர்களாக உட்காருகிறவர்களில் அப்பா பெயரையும் சாமியார் வாசித்துவிட்டார். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று சாமியாரிடமே போய்ச் சொல்லிப் பார்த்தார். இவ்வளவு தாழ்ச்சியா என்று சாமியார் இன்னும் பிடிவாதமாகிவிட்டார். திண்டிவனத்திலிருந்து சம்பந்தி வீட்டாரும் பூசைக்கு வந்திருந்தார்கள். மாமாவும் மாமியும் எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

தண்ணீர் சில்லென்று இருக்கக் கூடாது என்று கோயில்பிள்ளை வெந்நீர் வைத்திருந்தார். முதல் குடத்தில் பச்சைத் தண்ணீர் கலந்தார், அது தீர்ந்துபோய் இரண்டாவது குடத்தில் கலக்க மறந்துவிட்டார். அந்தக் குடத்தில் முதல் ஆள் அப்பா. சாமியார் செம்பால் ஊற்றினார், அப்பா கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். துடைத்து முத்தமிட்டுவிட்டு அடுத்தவர் காலில் ஊற்றினார். அது தச்சுவேலை சவரிமுத்து. "ஐயோ அம்மா!" என்று குதித்து, தாம்பாளத்தை உதைத்துத் தள்ளி, கோயில் வாசல் வரைக்கும் ஓடிவிட்டார்! அப்புறம்தான் சாமியார் குடத்தில் விரலை விட்டுப் பார்த்துத் தானும் உதறிக்கொண்டார். அப்பா காலில் ஊற்றியதும் அதே தண்ணீர்தான். கோயிலே அப்பாவைத் திரும்பிப் பார்த்தது.

பாஸ்கா பிரசங்கத்தில் சாமியார் அப்பா பெயரையே சொல்லிவிட்டார். கர்த்தருடைய பாடுகளில் அவ்வளவு ஒன்றிப்போனதால் உடம்பு தெரியாமல் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னார். அம்மா அழுதுவிட்டார்கள். சூசைமுத்து மாமா எல்லோருக்கும் எதிரில் அப்பா கையைப் பிடித்து, இப்படிப்பட்ட வீட்டிலிருந்து பெண் எடுக்க நாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். மே மாதம் 28-ஆம் தேதி கல்யாணம். இரண்டு கோயிலிலும் 6-ஆம் தேதியிலிருந்து மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கப் போகிறார்கள்.

அப்பா காலில் கொஞ்சம் கொப்புளம், எண்ணெய் போட்டிருக்கிறோம். நீங்கள் எப்போது வருவீர்கள்?
இருதயசெல்வி

படித்துக் காட்டினேன். அப்பா தபாலில் சேர் என்று மட்டும் சொன்னார்.


சே. ம. சூ.

திண்டிவனம்
28-4-1962

அண்ணா,

செல்வி, இதை நீ முதலில் படிப்பாய் என்று தெரியும். படித்துக்கொள். இனிமேல் உனக்கு மறைத்துப் புண்ணியமில்லை.

எங்கள் நிலையத்தில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள் வைத்திருக்கிறோம். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். மாற்றி மாற்றி உடம்பில் வைத்து, எது சூடு, எது குளிர்ச்சி என்று கேட்போம். சொல்லத் தெரியாவிட்டால் அந்த இடத்தில் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் சாமியார் அதைத்தான் கோயிலில் எல்லோருக்கும் எதிரில் செய்திருக்கிறார். பாவம், அவருக்குத் தெரியாது. கோயிலில் இருந்தவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அண்ணா, வெந்நீர் ஊற்றியது உனக்கே தெரியாது, சவரிமுத்து குதித்த பிறகுதான் தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாம். காலைப் பார்க்கப் பயந்து மூடியிருப்பாய்.

நீ என்று எழுதுகிறேன். கோபத்தில் வந்துவிட்டது, வரட்டும்.

அங்கே உன்னைப் புனிதராக்கிவிட்டார்கள். நோயாளி என்றால் மருந்து கொடுத்து இறக்கிவிடலாம், இதிலிருந்து உன்னை எப்படி இறக்குவது? சூசைமுத்து மாமா இங்கே சைக்கிள் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். என் அப்பா வயசு அவருக்கு.

தபசு காலம் முடிந்துவிட்டது, என் வாக்கும் முடிந்துவிட்டது. அந்தக் கொப்புளம் புண்ணாகும். வா. கல்யாணத்துக்கு முன்னால் வா.
அமலோற்பவம்


சே. ம. சூ.

விழுப்புரம்
8-5-1962

அன்புள்ள அத்தைக்கு, செல்வியின் தோத்திரம்.

நீங்கள் சுகமா, அத்தை? எங்களைப் பற்றி அப்படி எழுதத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படிக்கவில்லை. ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து அப்பாவிடம் கொடுத்தேன். நான் படித்துவிட்டேனா என்று கேட்டார். படித்தேன் என்றேன். அப்பா உட்கார்ந்துவிட்டார்.

கால் கொப்புளம் உடைந்து புண்ணாகிவிட்டது. அந்தக் காலோடு நின்றுகொண்டுதான் ரொட்டி போடுகிறார். கடையில் இப்போது முன்னைவிட இரண்டு மடங்கு கூட்டம். இன்னாசியண்ணன் கையாலே கொடுத்தால்தான் வாங்குவோம் என்கிறார்கள். அது போதாதென்று பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பிள்ளை தலையில் கை வைத்துச் சிலுவை போட்டுவிடுங்கள் என்று கேட்கிறார்கள். இந்துக்கள்கூட வருகிறார்கள். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நானும் உங்களைப் போலத்தான், போங்கம்மா என்கிறார். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் வருகிறார்கள். நேற்று மாவு மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். நான் அப்பா இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

பிள்ளைகளுக்கு ஒட்டுமா, அத்தை? எனக்கும் பார்க்க வேண்டுமா? என் முதுகை எனக்குப் பார்க்க முடியவில்லை. அம்மாவைப் பார்க்கச் சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாணம் நின்றாலும் பரவாயில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, அத்தை.
இருதயசெல்வி


விழுப்புரம்
15-5-1962

அமலிக்கு அண்ணன் எழுதுவது.

வெள்ளிக்கிழமை காலையில் சாலாமேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்னபொண்ணு என்று பெயர். நான் ஒளிவதற்குள் கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டாள். "ராத்திரியெல்லாம் அழுதுகினே இருந்துச்சுங்க. காய்ச்சல் இருக்குதா, நீங்களே தொட்டுப் பாத்து சொல்லுங்க" என்றாள். சுற்றிலும் ஜனம். குழந்தை நெற்றியில் கை வைத்தேன்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அமலி. என் கைக்கு அந்தக் குழந்தை சுடுகிறதா இல்லையா தெரியவில்லை. கழுத்தில் வைத்துப் பார்த்தேன். மாவு மூட்டையைத் தொட்டால் எப்படியோ அப்படித்தான் இருந்தது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லாத்தாம்மா இருக்குது என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். டாக்டரிடம் போகக் கிளம்பியவள் என் பேச்சை நம்பி வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் குழந்தைக்கு ஜன்னி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். பிழைத்துவிடும் என்கிறார்கள். அந்தப் பெண் என் காலில் விழ வந்தாள். நீங்க தொட்டதாலதான் உசுரு தங்கிச்சு என்றாள். நான் அங்கிருந்து ஓடி வந்துவிட்டேன்.

அன்றிரவே உன் அண்ணியிடம் சொன்னேன். விரல் மடங்கினதிலிருந்தே எனக்குச் சந்தேகம்தான், நீங்களாகச் சொல்லுவீர்கள் என்று இருந்தேன் என்றாள்.

நேற்று திண்டிவனம் வந்தேன். முதலில் சூசைமுத்து வீட்டுக்குத்தான் போனேன். மாப்பிள்ளை வீட்டில் இல்லை. கையையும் காலையும் காட்டிச் சொல்லிவிட்டேன். அவர் ஏசவில்லை. காபி எடுத்து வந்த சம்சாரத்திடம், "வேணாம், உள்ள எடுத்துக்கினு போ" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "மூணாவது ஓலையை நிறுத்தச் சொல்லிடறேன்" என்றார். உங்கள் தங்கைக்கும் தெரியுமா என்று கேட்டார். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அது ஒன்றுதான் பொய்.

அங்கிருந்து உன் நிலையத்து வாசல் வரைக்கும் வந்தேன். பலகையில் எழுதியிருந்ததைப் படித்தேன். உள்ளே நீ யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தாய். திரும்பி நடந்து பஸ் ஏறிவிட்டேன்.

கடையைச் சாத்திவிட்டேன். ஏன் என்று ஊர் கேட்கிறது. செல்வி என்னோடு பேசுகிறாள், அதுதான் தாங்க முடியவில்லை. திட்டினால் நன்றாயிருக்கும். என்ன செய்யட்டும், சொல்.
இன்னாசி


சே. ம. சூ.

திண்டிவனம்
17-5-1962

அன்புள்ள அண்ணாவுக்கு, அமலியின் தோத்திரம்.

வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனாய் என்று படித்ததும் ஓடிப்போய் வாசலைப் பார்த்தேன். என்ன பைத்தியக்காரத்தனம், நீ போய் இரண்டு நாளாகிவிட்டது.

எனக்காகப் பொய் சொல்லியிருக்க வேண்டாம். நேற்று நானே சூசைமுத்து மாமா கடைக்குப் போய், எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அடித்துக்கொண்டே இருந்தார். இரண்டு ஞாயிறும் இந்தக் கோயிலில் ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டபோது, நான் அவருக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பெஞ்சுக் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இனி அந்தப் பெஞ்சில் நான் எப்படிப் போய் உட்காருவது என்று தெரியவில்லை. நான் திரும்பி வரும் வழியில் அந்தப் பையன் என்னை நிறுத்தினான். செல்விக்கும் இருக்குமா என்று கேட்டான். பார்த்தால்தான் தெரியும் என்றேன். பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். இதைச் செல்வியிடம் சொல். இதற்குமேல் எதையும் அவள் நினைத்துக்கொள்ள வேண்டாம், நானும் நினைத்துக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் அண்ணியையும் செல்வியையும் கூட்டிக்கொண்டு வா. பின்வாசல் என்று முன்பு எழுதினேன், அதை மறந்துவிடு. புங்க மரத்தடியில் வரிசை இருக்கும். அதில் வந்து நில். செல்வியையும் அண்ணியையும் திரைக்கு உள்ளே வைத்து நான் பார்த்துக்கொள்கிறேன். மருந்து உண்டு. வருஷக் கணக்காகச் சாப்பிட வேண்டும். போன உணர்ச்சி திரும்பும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன், இருக்கிற விரல்களைக் காப்பாற்றலாம். கடையைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

உன் முறை வந்ததும் கண்ணை மூடச் சொல்வேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வது. நான் தொடும் இடத்தை நீ விரலால் காட்ட வேண்டும். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு அசையாமல் உட்காராதே. தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல். தெரியவில்லை என்று நீ எத்தனை தடவை சொன்னாலும், அண்ணா, நான் தொட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

உன்
அமலி